கை காட்டினால் நிற்காத டிரைவர்

முதல் நாளே மூன்று நிறுத்தங்களை முழுங்கிவிட்டான் அவன். நான் பின்படியில் நின்று விசிலை ஊது ஊதென்று ஊதுகிறேன். எந்த ஊரிலோ யாரோ ஊதுகிற மாதிரி போய்க்கொண்டே இருக்கிறான். முதல் நிறுத்தத்தில் கை காட்டி நின்றவர்கள் வெளியிலிருந்து திட்டினார்கள். இரண்டாவதில் இறங்க வேண்டியவர்கள் உள்ளேயிருந்து திட்டினார்கள். மூன்றாவதும் தாண்டிப் போனதும் எல்லாரும் ஒன்றுசேர்ந்து என்னைத் திட்டினார்கள். பஸ்ஸில் கண்டக்டர் என்று ஒருத்தியை வைத்திருப்பதே அதற்குத்தானே.

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். அவன் காதுக்குப் பின்னால் நின்று, "நிறுத்துடா!" என்று கத்தினேன். அடுத்த நொடி வண்டி நின்றது. நின்றது என்றால் அப்படி இப்படி இல்லை. நின்றிருந்தவர்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தவர்கள் மடியில் போய் விழுந்தார்கள். ஒருத்தர் வாங்கி வந்த முட்டைகள் என் முதுகில் உடைந்து வழிந்தன. அன்றைக்கே பயணிகள் பெயர் வைத்துவிட்டார்கள். டவுன் பஸ் ஓட்டுகிறவனுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். டெப்போவில் விசாரித்தால், அந்தக் 'கொஞ்சம்' எதற்கு என்று கேட்பார்கள். கடைசி நிறுத்தத்தில் வண்டியை ஓரங்கட்டியதும் அவனைக் கிழித்துத் தோரணம் கட்டுவது என்றுதான் இறங்கினேன். அவனோ ஒரு பழைய துணியைத் தண்ணீரில் நனைத்து எடுத்துக்கொண்டு வந்து நின்றான். "திரும்புங்க அக்கா, முட்டை காஞ்சா நாறும்" என்றான். ஆள் வாட்டசாட்டமாக இருந்தான், குரல் மட்டும் பள்ளிக்கூடத்துப் பையன் குரல். என் கோபம் பாதி அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதியை டீக்கடையில் காட்டினேன்.

"விசில் காதுல விழலையா உனக்கு?"

"விழுந்துச்சு அக்கா. அது எதுக்குன்னு தெரியல."

"வெளியில அத்தனை பேர் கை காட்டுறாங்களே, கண்ணும் அவிஞ்சு போச்சா?"

"பாத்தேன். கை காட்டினா நிறுத்தக் கூடாது அக்கா."

கிண்டல் பண்ணுகிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. தீயைத் தொடக் கூடாது என்று சொல்கிற மாதிரி சொன்னான். பிறகு மெதுவாக விளக்கினான்.

"சண்டையில நான் சரக்கு லாரி ஓட்டினேன். லாரிக்குப் பின்னால லாரி, வரிசையா போவோம். ரோட்டுல ஆள் நின்னு கை காட்டினா வேகத்தைக் கூட்டணும். ஆம்பளையா, பொம்பளையா, இடுப்புல குழந்தை இருக்கான்னு பாக்கக் கூடாது. ஒரு லாரி நின்னா வரிசையே நிக்கும். நின்ன வரிசையத்தான் அடிப்பாங்க. சீட்டுக்குப் பின்னால வயர்லெஸ் இருக்கும். அதுல 'நிறுத்து'ன்னு குரல் வந்தா மட்டும்தான் பிரேக்கு."

"எப்பவும் அப்படியேவா?"

"ஒரு தடவை நிறுத்தினேன். ஒருத்தன் தண்ணி கேட்டுக் கை காட்டினான். நிஜமாவே தண்ணிதான் கேட்டான், பாவம். நான் நிறுத்தின நேரத்துல எனக்குப் பின்னால நின்ன லாரி குண்டு விழுந்து போயிருச்சு. அதுல ரெண்டு பேர் இருந்தாங்க." டீயைக் குடித்து முடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். "அதுலேருந்து கை காட்டுறவங்களைப் பாத்தா கால் பிரேக்குப் பக்கம் போறதில்ல அக்கா. நான் போன்னு சொன்னாலும் போகாது."

அப்படியென்றால் பயிற்சி பயிற்சி என்று அரசாங்கம் நடத்தியதே, அதில் என்னத்தைக் கிழித்தார்கள் என்று கேட்டேன். அவன் சொன்னதை நான் நம்பவில்லை. என் விடுமுறை நாளில் நேரே போய்ப் பார்த்தேன்.

போரிலிருந்து திரும்பியவர்களுக்கான மறுவாழ்வு அலுவலகம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே மினுமினுக்கிற தரை, பூத்தொட்டிகள், சுவரில் சிரிக்கிற முகங்கள். பின்பக்கம் போனால் பயிற்சிக்கூடம். அங்கே செங்கல் அடுக்கின் மேல் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. அதற்குச் சக்கரம் இல்லை. மூடியைத் திறந்து பார்த்தேன், எஞ்சினும் இல்லை. ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. டிரைவர் இருக்கையில் ஒரு மனிதன் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்ற வாத்தியார் வாயாலேயே "டுர்ர்ர்" என்று எஞ்சின் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், கியர் மாற்றும்போது அவரும் சத்தத்தை மாற்றினார்.

அது முடிந்ததும் தன்னம்பிக்கை வகுப்பு. எல்லாரும் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழக வேண்டும். பிறகு அவரவர் தமக்குத் தாமே கை தட்டிக்கொள்ள வேண்டும். விரல்கள் போன ஒருவர் மணிக்கட்டை மணிக்கட்டோடு தட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டில்கூடச் சுரைக்காய் இல்லை.

அந்த அலுவலகத்துக்குப் பெரியவர் ஒருவர் இருந்தார். எந்த வெயிலிலும் கோட்டுப் போட்டிருப்பார். கோட்டுக்காரர் என்றுதான் அங்கே கதவு திறக்கிறவன்கூடச் சொன்னான். அவரிடம் போய் நின்றேன்.

"ஐயா, எங்க டிரைவர் நல்லா ஓட்டுறான். கை காட்டினா நிறுத்த மட்டும் அவனுக்கு வரல. நிஜ ரோட்டுல, நிஜ வண்டியில, தெரிஞ்ச ஆள் ஒருத்தரை பக்கத்துல உக்கார வச்சு கொஞ்ச நாள் பழக்கினா போதும்."

அவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "அவர் தேர்ச்சி பெற்றவர்மா. வேலையும் கிடைச்சிருச்சு. எங்க பக்கத்துல அவர் விஷயம் முடிஞ்சது."

"அவன் பக்கத்துல முடியலையே ஐயா."

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். கண்டக்டர் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் டெப்போ மேனேஜரிடமும் சொன்னேன். "சர்டிபிகேட் இருக்குல்ல? அப்புறம் என்ன? உனக்கு ஊர் வம்பு எதுக்கு?" என்றார். செவிடன் காதில் ஊதிய சங்கு. சரி, ஊதினது போதும், நம் வழியை நாமே பார்ப்போம் என்று திரும்பினேன்.

வழி எங்களுக்கு அகப்பட்டது. முதல் நாள் அவன் எதற்கு நின்றான்? பின்னாலிருந்து வந்த குரலுக்கு. அப்படியானால் குரல்தான் மருந்து. மறுநாளிலிருந்து பின்படியை விட்டுவிட்டேன். நிறுத்தம் நெருங்கும்போது அவன் இருக்கைக்குப் பின்னால் வந்து நின்று, "நிறுத்து" என்பேன். பஞ்சுப் பொதியை இறக்கி வைக்கிற மாதிரி நிறுத்துவான். ஆள் ஏறியதும், "போ" என்பேன். இரண்டு நிறுத்தத்துக்கும் நடுவே பின்னால் ஓடி டிக்கெட் போட்டுவிட்டு, மறுபடி முன்னால் ஓடி வர வேண்டும். ராத்திரி வீட்டுக்குப் போனால் கால் இரண்டும் என்னுடையவை மாதிரியே இருக்காது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், அவனைப் போல ஓட்டுகிறவனை நான் பார்த்ததில்லை. வண்டியில் ஒரு கீறல் விழவில்லை. அவன் சீட்டில் உட்கார்ந்தால் நிறைமாதக்காரிகூடப் பயமில்லாமல் ஏறுவாள்.

அவனுக்கும் அந்த வேலை பிடித்துப்போயிற்று. ஜன்னல் சீட்டுக்காக இரண்டு பெண்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், கண்ணாடியில் அவர்களைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னான்: "அக்கா, அங்க மாவு மூட்டையும் குண்டும்தான் ஏத்துவேன். இங்க சரக்கு சண்டை போடுது, பாட்டுப் பாடுது. திரும்பிப் பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு."

"நீ ரோட்டைப் பாரு, சரக்கை நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அவன் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிறவள். அவன் சண்டைக்குப் போயிருந்த காலமெல்லாம் அந்தச் சோப்புத் தண்ணீரில் கையை ஊறவைத்துத்தான் குடும்பத்தை ஓட்டினாள். ஒரு நாள் எங்கள் வண்டியில் ஏறி, கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை வெந்த தோல் மாதிரி இருந்தது.

"வந்த புதுசுல வீட்டுல ஒரு வார்த்தை பேச மாட்டாரு அக்கா. சுவத்தைப் பாத்து உக்காந்திருப்பாரு. இப்ப சாயங்காலம் வந்தா பஸ்ஸுல யாரு யாரோட சண்டை போட்டாங்கன்னு கதை கதையா சொல்றாரு. இந்த வேலை மட்டும் போயிடக் கூடாது அக்கா."

"நான் இருக்கிற வரைக்கும் போகாது" என்றேன். வாய் நீளம் என்று முன்பே சொன்னேன் அல்லவா?

மறுவாழ்வு அலுவலகத்துக்கு ஆண்டு விழா வந்தது. வேலை கிடைத்து வாழ்வு மலர்ந்த ஒருவரைப் படம் பிடித்துப் பெரிய திரையில் காட்ட வேண்டுமாம். கோட்டுக்காரரின் கண் எக்ஸ்பிரஸ் மேல் விழுந்தது. வாட்டசாட்டமான உடம்பு, வடுவில்லாத முகம், படத்துக்கு ஏற்றவன். அலுவலக வாசலில் அவர்கள் துறையின் மேலிடத்து இயக்குநர் நின்று கை காட்டுவாராம். பஸ் நிற்குமாம். முன்னாள் வீரன் சிரிப்பானாம். இயக்குநர் ஏறி அவன் கையைக் குலுக்குவாராம். இந்த யோசனையைக் கேட்டதுமே எனக்குப் பகீர் என்றது.

அன்று காலையில் எங்கள் பயணிகள் எல்லாரையும் வழியிலேயே இறக்கிவிட்டார்கள். அவர்கள் அழுக்காக இருக்கிறார்களாம். அலுவலக ஆட்களைப் புது உடுப்போடு ஏற்றி உட்கார வைத்தார்கள். பிறகு கோட்டுக்காரர் என்னையும் மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களும் இறங்கிடுங்க. இன்னிக்கு எங்க டைப்பிஸ்ட் பொண்ணு கண்டக்டரா நிக்கட்டும்."

"ஐயா, என் குரல் இல்லாம அவன் நிறுத்த மாட்டான். அன்னிக்கே உங்ககிட்ட வந்து சொன்னேன்."

"படத்துல வரணும்னு ஆசையா இருந்தா அதை நேராவே கேட்டிருக்கலாமே" என்றார். சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். தங்களுக்குத் தாங்களே கை தட்டிக்கொள்ளச் சொல்லிக்கொடுக்கிற கூட்டம்தானே, எதற்குச் சிரிப்பது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எக்ஸ்பிரஸ் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தான். "அக்கா வரலையா ஐயா? அவங்க இல்லாம எனக்குச் சரியா வராது."

"நீ சிரிச்சா போதும்ப்பா, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்."

அந்த டைப்பிஸ்ட் பெண்ணின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "அம்மாடி, அவன் சீட்டுக்குப் பின்னாலயே நில்லு. வாசல் வந்ததும் 'நிறுத்து'ன்னு மட்டும் சத்தமா சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்." நல்ல பெண், தலையாட்டினாள். ஆனால் கேமராக்காரன் வந்து அவளைப் பின்படிக்குத் தள்ளிக்கொண்டு போனான். அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழுகிறதாம்.

வண்டி தெருவைச் சுற்றி வரப் போனது. நான் அலுவலக வாசலை நோக்கி ஓடினேன். அங்கே பத்துப் பதினைந்து பேர் பளபளவென்று நின்றிருந்தார்கள். இயக்குநர் ஓரத்தில் நின்றால் முகத்தில் நிழல் விழுகிறது என்று நடு ரோட்டுக்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். முனையில் பஸ் திரும்பியது. எல்லாரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள்.

நடு ரோட்டில் கை தூக்கி நிற்கிற கூட்டம். அவனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்க அங்கே ஒருத்தருக்கும் துப்பில்லை. நான், "தள்ளுங்க! ஓரமா போங்க!" என்று கத்தினேன். ஹாரன் நீளமாக அலறியது. வண்டி வேகம் பிடித்தது. முதலில் அவர்கள் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றது, பிறகு ஓடினார்கள். இயக்குநர் ஒரு செருப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டு வேலியைத் தாண்டினார். கோட்டுக்காரர் சாக்கடையில் கோட்டோடு விழுந்தார். நல்ல வேளை, முழங்கால் சிராய்ப்புக்கு மேல் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உயிர் ஏதாவது போயிருந்தால் அதையும் அவன் தலையில்தான் கட்டியிருப்பார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது கடைசி நிறுத்தத்தில் வண்டி ஒழுங்காக நின்றிருந்தது. இறங்கிய அலுவலக ஆட்கள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் இருக்கையில் உட்கார்ந்திருந்தான், ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்காமல்.

"யாராவது செத்துட்டாங்களா அக்கா?"

"யாரும் சாகல."

"குரலுக்காகக் காத்துக்கிட்டே இருந்தேன். வரவே இல்ல."

விசாரணை டெப்போவில் நடந்தது. மேனேஜர், கோட்டுக்காரர், மேலிடத்திலிருந்து வந்த ஒருவர், மூவரும் மேசைக்கு அந்தப் பக்கம். எங்களுக்கு நாற்காலி போடவில்லை. இதை முன்பே ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டார்கள். இரண்டு பேரிடம் சொன்னேன், இரண்டு பேரும் இந்த மேசையில்தான் இருக்கிறார்கள் என்றேன். மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார். கோட்டுக்காரர் தண்ணீர் குடித்தார். எனக்கு அவர்கள் முகத்திலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

மேலிடத்து ஆள் அவனிடம் கேட்டார். "அவங்க கை காட்டினதைப் பாத்தியா?"

"பாத்தேன் ஐயா."

"ஆளுங்க நிக்கிறது தெரிஞ்சும் வண்டிய விட்டிருக்கே. இப்படி ஓட்ட உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

அவன் திமிராகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான். "அரசாங்கம்தான் ஐயா."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அன்றைக்கே வேலை போனது, லைசென்ஸும் போனது. கொல்லுகிற வித்தையை நிஜ லாரியில், நிஜ ரோட்டில், வருஷக்கணக்கில் ஊட்டி ஊட்டிப் பழக்கினார்கள். நிறுத்துகிற வித்தைக்கு மட்டும் செங்கல்லும் பூனைக்குட்டியும் போதும் என்று நினைத்தார்கள். அதைக் கேட்க அந்த மேசையில் ஒரு நாதி இல்லை.

ஆறின காயத்தைக் கீறிப் பார்க்கிற மாதிரி, கொஞ்ச நாள் கழித்து அவன் பெண்டாட்டியோடு நான் மறுபடி அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனேன். அவனும் வந்தான். வேறு ஏதாவது தொழிலுக்குப் பயிற்சி கேட்கலாம் என்று அவள்தான் இழுத்துக்கொண்டு வந்தாள். கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டினார்.

"இவருக்குத்தான் வேலை கிடைச்சிருச்சே! ஒருத்தருக்கு ஒரு தடவைதான் உதவி."

"அந்த வேலை போயிருச்சுங்க."

"போனது எங்க கணக்குல வராதும்மா. கிடைச்சதுதான் வரும்."

அவள் அவன் தோளைப் பிடித்துக் கவுண்டர் முன்னால் தள்ளினாள். "அப்ப இது யாரு? உங்க கணக்குல வேலைக்குப் போறவரு, என் வீட்டுல சுவத்தைப் பாத்து உக்காந்திருக்காரு. எந்த ஆளை நான் வச்சுக்கட்டும், சொல்லுங்க?"

கவுண்டர்க்காரர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். இரக்கப்பட்டு, குரலைத் தாழ்த்தி வழி சொன்னார். எல்லைக்குச் சரக்கு அனுப்புகிற பிரிவில் ஆள் எடுக்கிறார்களாம். சண்டை ஓய்ந்துவிட்டது என்று ஊருக்குச் சொல்கிறார்களே தவிர, லாரிகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றனவாம். "லைசென்ஸ் போனதெல்லாம் அவங்க பாக்க மாட்டாங்க. இவரை மாதிரி அனுபவம் உள்ளவங்களுக்குப் பயிற்சியே தேவையில்ல, உடனே வேலை."

"வேண்டாம்ங்க" என்றாள் அவள். ஆனால் வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவன் பார்த்தது அவள் கையைத்தான். சோப்பில் வெந்துபோன கை.

அந்தச் சரக்கு வேலைக்கு அவன் கிளம்பிய காலையில் எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. கிடங்கு வாசலில் அவளோடு போய் நின்றேன். கதவு திறந்து லாரிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நாலாவதோ ஐந்தாவதோ, அதில் அவன் இருந்தான். நிமிர்ந்து உட்கார்ந்து, ரோட்டின் நடுவைப் பார்த்து, மிக நன்றாக ஓட்டிக்கொண்டு வந்தான். அவள் ஓரத்திலிருந்து ஓர் அடி முன்னால் வைத்து, போய் வா என்று சொல்வதற்காகக் கையைத் தூக்கினாள்.

லாரி வேகம் எடுத்தது.